பின்சீட்டுக்கும் பெல்ட் கேளுங்கள்

(காத்தான்குடியில் நடைபெற்ற சங்கக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஒரு சதமும் வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த காத்தான்குடிச் சகோதரர்களுக்கும், நம் பிள்ளைகளுக்கு இன்று அரை நாள் லீவு கொடுத்த முதலாளிமாருக்கும் நன்றி. பகல் சாப்பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. முன்வரிசையிலேயே நாலு பேருக்குக் கண் சொருகுகிறது. அவர்கள் தூங்குவதற்குள் விஷயத்துக்கு வருகிறேன்.

சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். காணி உரிமையைப் பற்றி அக்கா பேசினார். "சேர், நீங்க பாதுகாப்பைப் பத்திப் பேசுங்க" என்று என்னிடம் சொன்னார்கள். மருந்தடிக்கும்போது போடும் கையுறையைப் பற்றி நான் பேசுவேன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அது இன்னொரு நாளைக்கு. நேற்று நாம் எல்லோரும் எப்படி இங்கே வந்து சேர்ந்தோம், நாளைக் காலை எப்படித் திரும்பப் போகிறோம், தீபாவளிக்கு இந்தத் தம்பிமார் எந்த வானில் ஏறி வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நேற்று வந்த பாதையை நினைத்துப் பாருங்கள். பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி. அங்கே திரும்பி மட்டக்களப்பு, கல்லடிப் பாலம், மஞ்சந்தொடுவாய், பிறகு பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும் இந்த வீதி. செங்கலடி வரைக்கும் நாம் வந்தது ஒரே வீதி. அதற்கு ஏ5 என்று பெயர். அதன் மறுமுனை பேராதனையில் இருக்கிறது. நடுவில் இறம்பொடை, நுவரெலியா, பதுளை எல்லாம் அதே வீதியில்தான். மலைநாட்டையும் இந்த வாவிக்கரையையும் கோர்க்கிற கயிறு அது.

பசறை தாண்டி 13ஆம் கட்டையைக் கடந்தபோது வானில் பேச்சு நின்றுபோனதை நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. யாரும் "பேசாதீங்க" என்று சொல்லவில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி காலையில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் அந்த இடத்தில்தான் பள்ளத்தில் விழுந்தது. நம்மில் சிலருக்கு அது பத்திரிகைச் செய்தி மட்டும் அல்ல. அதே ஏ5 வீதியின் மறுபக்கத்தில், கொத்மலை கெரண்டி எல்லவில், 2025 மே 11ஆம் திகதி விடிவதற்கு முன் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கவிழ்ந்தது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஏறியிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தன் கைக்குழந்தையை உடம்பால் மூடிக் காப்பாற்றிவிட்டு இறந்துபோன அந்தத் தாயை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகரசபை ஊழியர்களின் சுற்றுலா பஸ் விழுந்து 15 பேர் இறந்தார்கள்.

மலையில்தான் இப்படி என்று இந்தப் பக்கத்தார் நினைக்க முடியாது. 2023 ஜூலை 9ஆம் திகதி இரவு, கதுறுவெலையிலிருந்து கிழக்கு நோக்கி வந்த தனியார் பஸ் மன்னம்பிட்டிப் பாலத்தில் ஆற்றில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது சமதரை.

இலங்கையில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். இதைச் சொன்னால் லயத்தில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "எல்லாம் தலைவிதி சேர்." சம்பளம் கூடாததைத் தலைவிதி என்று நம் அப்பா அம்மா ஏற்றுக்கொண்டிருந்தால் இந்தச் சங்கமே இருந்திருக்காது. வீதியில் மட்டும் ஏன் விதியைக் கூப்பிடுகிறோம்?

இன்று காலை ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். இங்கே ஒரு துணிக்கடையில் வேலை. கெட்டிக்காரப் பிள்ளை, கேள்வியும் கெட்டிக்காரக் கேள்வி. "சேர், இப்ப வர்ற ஜப்பான் கார்ல தானாவே பிரேக் பிடிக்குதாமே. எங்க முதலாளி காரிலயும் இருக்கு. இனி பெல்ட் எதுக்கு?"

என் பேச்சு முழுக்க அந்தத் தம்பிக்குச் சொல்லும் பதில்தான்.

அந்தத் தானியங்கி பிரேக் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். முன்கண்ணாடிக்குப் பின்னால், நடுக் கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கெமரா இருக்கும். சில கார்களில் லேசர். சிலவற்றில் முன்பக்கத்துக்குள் ராடார். முன்னால் உள்ள வாகனம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறோம் என்று அது ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். மோதப்போகிறோம் என்று கண்டால் முதலில் பீப் பீப் என்று கத்தும். சாரதி கவனிக்கவில்லை என்றால் தானே பிரேக்கைப் பிடிக்கும்.

இதன் பெறுமதி என்ன? மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் போய்விடும். ஆபத்தைக் கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை செக்கன் ஆனால் 25 மீற்றர் போயிருக்கும். நம் கணக்கில் சொன்னால், எட்டு காம்பரா நீளம். பிரேக் பிடிப்பதற்கு முன்னாலேயே எட்டு காம்பராவைத் தாண்டியாயிற்று! அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கும். மழை என்றால் இன்னும் இழுக்கும். சாரதி போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கே இல்லை. இயந்திரம் போன் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனிகள் நடத்தும் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து பார்த்ததில், இந்த பிரேக் உள்ள கார்கள் முன்னால் போகும் வாகனத்தின் பின்பக்கத்தில் மோதுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் புதுக் கார் எல்லாவற்றிலும் இது இருந்தாக வேண்டும். அங்கே புதிய பஸ், லொறிகளுக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். ஆகவே நான் இந்தக் கருவிக்கு எதிரி அல்ல. நல்ல சாமான்தான்.

ஆனால் தம்பி, அது எதைப் பார்க்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் ஓடும் ஜப்பான் கார்கள் பலவற்றில் இருப்பது ஆரம்பகாலக் கருவி. சுசுகி வேகன் ஆர் காரின் முதல் வகைகளில் இருந்த லேசர், மணிக்கு 30 கிலோமீற்றருக்குக் கீழேதான் வேலை செய்யும். முன்னால் உள்ள வாகனத்தைத்தான் பார்க்கும், நடந்து போகும் ஆளை அல்ல. பிறகு வந்தவற்றில் ஆளையும் பார்க்கும் கெமரா இருக்கிறது. ஆனால் முன்பு சொன்ன அதே அமெரிக்க நிறுவனம் இன்னொன்றும் கண்டது. ஆளைப் பார்க்கும் பிரேக் பகலிலும் விளக்கு உள்ள வீதியிலும் விபத்தைக் குறைக்கிறது. விளக்கில்லாத இருட்டு வீதியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நம் தோட்ட வீதியில் எத்தனை விளக்கு இருக்கிறது? விடியற்காலை இருட்டோடு பாலுக்குப் போகும் அம்மாவை அந்தக் கெமரா கண்டுகொள்ளும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

இன்னும் கேளுங்கள். மூடுபனியில் கெமராவும் நம்மைப் போலத் தடுமாறும். கெமராவுக்கு நேரே சாமிப் படம், தொங்கும் பூமாலை, எலுமிச்சம்பழம், ஸ்டிக்கர் என்று வைத்தால் அதற்குக் கண் கட்டின மாதிரி. (கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.) கல் பட்டு உடைந்த கண்ணாடியை மாற்றினால் கெமராவைத் திரும்பச் சரி பார்த்துப் பொருத்த வேண்டும். அதை எத்தனை பேர் செய்கிறார்கள்? வளைவில் மதிலைக் கண்டு சும்மா கத்துகிறது என்று எரிச்சல்பட்டு, பொத்தானை அழுத்தி அணைத்துவிடும் சாரதிமாரும் இருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும், எழுத்து ஜப்பான் மொழியில் இருப்பதால், அது எதற்கு எரிகிறது என்று தெரியாமலே ஓட்டுகிறவர்களும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே, பள்ளத்தை அது பார்க்காது. முன்னால் ஒரு வாகனம் இருந்தால்தான் அதற்குக் கணக்கு வரும். முன்னால் வெறும் ஆகாயம் இருந்தால் வழி திறந்திருக்கிறது என்றுதான் அதற்குத் தோன்றும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்து பிரேக் சூடாகிவிட்டால், தானியங்கி பிரேக்கும் அதே சூடான பிரேக்கைத்தான் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குவதற்கு எந்தக் கெமராவும் மாற்று அல்ல. சமதரையில் ஓட்டிப் பழகிய சாரதி தீபாவளி நேரத்தில் நம் பக்கம் வரும்போது இதை யாராவது அவருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சரி, கருவி சொன்னபடி வேலை செய்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படி ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது.

போன வருஷம் அண்ணியைக் கிளினிக்குக் காட்ட வாடகைக் காரில் பதுளைக்குக் கூட்டிப் போனோம். நல்ல கார். தானாகப் பிடிக்கும் பிரேக் இருந்தது. நான் முன்சீட்டில். பின்னால் அண்ணி, மடியில் மூன்று வயது மகள். டவுனுக்குள் மெதுவாகத்தான் போனோம், இருபத்தைந்து இருக்கும். முன்னால் போன முச்சக்கர வண்டி ஆளை ஏற்றச் சட்டென்று நின்றது. சாரதி வலப்பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கார் கத்தியது, தானே நின்றது. முச்சக்கர வண்டியில் ஒரு கீறல் இல்லை. சாரதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா சேர், பாத்தீங்களா" என்று என்னைத் தட்டினார். நானும் அதிசயப்பட்டு, "அண்ணி, கார் தானாவே நின்னுச்சு" என்று திரும்பினேன்.

அண்ணியின் வாயெல்லாம் இரத்தம். என் சீட்டின் தலையணைக் கம்பியில் முகம் மோதி முன்பல் இரண்டு உடைந்திருந்தன. பிள்ளை மடியிலிருந்து வழுக்கி இரண்டு சீட்டுக்கும் நடுவில் கிடந்தது. நெற்றி புடைத்திருந்தது. எனக்கும் சாரதிக்கும் ஒன்றும் இல்லை, நாங்கள் பெல்ட் போட்டிருந்தோம். பின்சீட் பெல்ட் எங்கே என்று அப்புறம் தேடினேன். சீட்டுக்குப் போட்டிருந்த புது உறைக்கு அடியில் சுருட்டி மடக்கி வைத்திருந்தது. வெளியே தெரிந்தால் அழகு கெடுமாம்.

அண்ணியிடம் "பெல்ட் போடுங்க" என்று நான் சொல்லவில்லை. பாடசாலையில் பிள்ளைகளுக்கு வீதி ஒழுங்கு சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் நான். அதனால்தான் இன்றைக்கு இந்த மேடையில் இதைப் பேசுகிறேன்.

தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில். தானாகப் பிடிக்கும் பிரேக் காரை நிறுத்தும். காருக்குள் இருக்கும் உன்னை நிறுத்துவது பெல்ட். கார் நின்ற பிறகும் உன் உடம்பு பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். சாரதி பிரேக் பிடிக்கப் போவதையாவது சில நேரம் நாம் முன்கூட்டியே பார்த்துக் கையை ஊன்றிக்கொள்கிறோம். இயந்திரம் பிடிக்கும் பிரேக் யாரும் எதிர்பாராத நேரத்தில் முழுப் பலத்தோடு வரும். ஆகவே புதுக் காருக்கு பெல்ட் இன்னும் கூடுதலாகத்தான் தேவை.

மணிக்கு 50 கிலோமீற்றரில் போய் மதிலில் மோதுவது பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். முப்பது அடிக்கு மேல். இந்த ஊரில் காணிக்குக் காணி நிற்கும் தென்னையை நிமிர்ந்து பாருங்கள். அதன் உச்சியிலிருந்து கையை விட்டால் எப்படியோ அப்படி. "கம்பியைப் பிடிச்சுக்குவேன்" என்கிறோம். தென்னை உச்சியிலிருந்து விழும்போது தரையில் கையை ஊன்றித் தப்பிக்கலாமா?

மடியில் பிள்ளை வைத்திருக்கும் தாய்மாருக்கு இன்னொரு கணக்கு. அதே 50 வேகத்தில் வண்டி மோதி, அரை மீற்றர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். அந்த நொடியில் ஒவ்வொருவரின் எடையும் இருபது மடங்காக இழுக்கும். 10 கிலோ பிள்ளை 200 கிலோ ஆகிவிடும். நாளுக்கு 20 கிலோ கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அது பத்து நாள் கொழுந்து. பத்து நாள் கொழுந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓடும் வண்டியில் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னால் முடியுமா? பாசம் இல்லாததால் பிள்ளை கையை விட்டுப் போவதில்லை. எந்தக் கையாலும் அது முடியாது.

இன்று எல்லாக் கார்களிலும் உள்ள, தோளிலும் இடுப்பிலுமாக மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ட்டை 1959இல் சுவீடன் நாட்டு வொல்வோ கம்பனியில் நில்ஸ் பொலின் என்ற பொறியியலாளர் செய்தார். அதற்கு முன் அவர் ஆகாய விமானத்திலிருந்து விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கை செய்துகொண்டிருந்தவர். ஆளை வெளியே எறியும் வித்தை தெரிந்தவர்தான் ஆளை உள்ளே பிடித்து வைக்கும் வித்தையையும் கண்டுபிடித்தார். இதற்குக் கம்பனி உரிமம் வைத்திருந்தும், உயிர் காக்கும் சாமான் என்று மற்றக் கம்பனிகளும் பயன்படுத்த விட்டுவிட்டது. ஒரு கம்பனி இலாபத்தைப் பார்க்காமல் செய்த காரியத்தைத் தொழிற்சங்க மேடையில் பாராட்டுவது அபூர்வம்தான், இருக்கட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பெல்ட் போட்டால் முன்சீட்டில் இருப்பவர் சாகும் ஆபத்து 45 முதல் 50 சதவீதம் வரை குறைகிறது. பின்சீட்டில் 25 சதவீதம். "பின்சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை பணக்காரருக்கும் உண்டு. இந்தியாவின் டாட்டா குழுமத்துக்குத் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி 2022 செப்டெம்பர் 4ஆம் திகதி மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் ஒரு பாலத்து மதிலில் கார் மோதி இறந்தார். விலையுயர்ந்த கார், காற்றுப்பை எல்லாம் உள்ளது. பின்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை, இருவரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் பின்சீட் பெல்ட்டைப் பற்றிப் பெரிதாகப் பேசத் தொடங்கினார்கள்.

காற்றுப்பை இருந்தால் போதுமே என்பவர்களுக்கு: காரில் அது இருக்கும் இடத்தில் எஸ்.ஆர்.எஸ். என்று எழுதியிருக்கும். அந்த முதல் எழுத்துக்குத் 'துணை' என்றுதான் பொருள். பெல்ட்டுக்குத் துணை. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் பையின் மேல் பெல்ட் இல்லாமல் போய் முகம் குத்தினால் அதுவே அடிக்கும்.

பெண்கள் கேட்பது ஒன்று: வயிற்றில் பிள்ளை இருந்தால் பெல்ட் போடலாமா? கட்டாயம் போட வேண்டும். இடுப்புப் பட்டி வயிற்றுக்கு மேலே வரக் கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பு எலும்பில் படிய வேண்டும். தோள்பட்டி மார்புக்கு நடுவால் வந்து வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். சேலைக் கொசுவம் தடித்திருந்தால் பட்டியை அதற்குக் கீழே இழுத்துவிடுங்கள். தோள்பட்டியைக் கக்கத்துக்கு அடியில் விடுவது விலா எலும்பை உடைக்கிற வேலை. ஒரே பெல்ட்டுக்குள் தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்கார வேண்டாம். தாயின் எடை முழுவதும் பிள்ளை மேல் போய் நெரிக்கும். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெல்ட்டும் கூடாது.

கைக்குழந்தைக்குச் சரியானது தனி இருக்கைதான், வேறு குறுக்கு வழி கிடையாது. அதை ஒவ்வொரு வீட்டிலும் வாங்க முடியுமா? நம் நாட்சம்பளத்தில் முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நம் தோட்டத்தில் கலியாணத்துக்கு அண்டாவும் கரண்டியும் ஒவ்வொரு வீட்டிலுமா இருக்கிறது? கோயிலில் இருக்கிறது, எழுதி வைத்துவிட்டு எடுத்துப் போகிறோம். அதுபோல் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் சந்தாப் பணத்திலிருந்து குழந்தை இருக்கை இரண்டு வாங்கி வைக்கலாம். பிரசவமாகி ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தாய் முதலில் எடுத்துப் போகட்டும். இதை மாவட்டக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவரப்போகிறேன். கையைத் தூக்க ஆட்கள் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2011இலிருந்து சாரதியும் முன்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். 2025இல் அதிவேக நெடுஞ்சாலையில் போகும் எல்லாப் பயணிகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். நல்லது. ஆனால் நம் மலையில் ஏது அதிவேக நெடுஞ்சாலை? பள்ளம் இருக்கும் வீதியில் பின்சீட்டைப் பற்றிச் சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வானுக்கு அட்வான்ஸ் கொடுப்பது நாம்.

தீபாவளிக்கு வான் பேசப்போகும் தம்பிமார் இதைக் கவனமாகக் கேளுங்கள். "எவ்வளவு?" என்று கேட்பதோடு "எல்லா சீட்டுக்கும் பெல்ட் இருக்கா?" என்றும் கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால் போய்ப் பாருங்கள். சட்டென்று வெடுக்கென இழுத்தால் பட்டி பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மெதுவாக இழுத்தால் வர வேண்டும். கொக்கி 'கிளிக்' என்று மாட்ட வேண்டும். நடைபாதையில் மடித்து விரிக்கும் சீட்டுக்குப் பெரும்பாலும் பெல்ட் இருக்காது. அதில் ஆள் ஏற்றி நாலு பேரின் வாடகையை மிச்சம் பிடிக்க வேண்டாம். பீப் சத்தம் வராமல் இருக்க வெறும் கொக்கியை மட்டும் மாட்டி வைத்திருக்கிற சாரதியின் வானில் ஏறாதீர்கள். தன் உயிரையே மதிக்காதவர் உங்கள் உயிரை என்ன மதிப்பார்? அந்தச் சாரதி முதல் நாள் இரவு கொழும்பு போய்வந்தவரா என்றும் விசாரியுங்கள். கடை பூட்டி இரவு பதினொன்றுக்கு ஏறினால் நீங்கள் எல்லோரும் மகாஓயாவுக்கு முன்னாலேயே தூங்கிவிடுவீர்கள். அவர் தூங்கக் கூடாது. முதலாளிமாரிடம் நான் பேசுகிறேன், பண்டிகைக்கு முதல் நாள் பின்னேரமே உங்களை விட்டால் பகல் வெளிச்சத்தில் மலை ஏறலாம்.

பஸ்ஸுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இ.போ.ச. பஸ்ஸில் நமக்குப் பெல்ட் கிடையாது. ஐம்பது பேர் ஏறும் பஸ்ஸில் எழுபது பேர் நின்றால் பெல்ட் பற்றிப் பேசுவதே கேலிக்கூத்து. அங்கே நம் கோரிக்கை வேறு: காலையிலும் பின்னேரத்திலும் கூடுதல் பஸ். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. முச்சக்கர வண்டியிலும் பெல்ட் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை எட்டு ஒன்பது பேராகத் திணித்து அனுப்புவதை மட்டுமாவது நிறுத்தலாம்.

லொறி விஷயம் மட்டும் கொஞ்சம் கோபமாகத்தான் பேச வேண்டும். சில தோட்டங்களில் தூரத்து மலைக்கு வேலைக்குப் போகும் பெண்களைக் கொழுந்து லொறியில், டிராக்டர் பெட்டியில் நிற்க வைத்துக் கொண்டு போகிறார்கள். கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டுகிறார்கள், கொழுந்து எடுத்தவளை மாட்டுவதற்கு ஒரு கயிறுகூட இல்லை. தூரத்து மலைக்கு ஆள் வேண்டும் என்றால் இருக்கை உள்ள வாகனம் அனுப்பட்டும், இல்லாவிட்டால் நடக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடட்டும். இது அடுத்த பேச்சுவார்த்தைக்கு நாம் கொண்டுபோக வேண்டிய கோரிக்கை. பெண் தோழர்கள் தங்கள் பிரிவில் எந்த வண்டியில், எத்தனை பேர், எந்த மலைக்கு என்று ஒரு வாரம் கொப்பியில் எழுதித் தந்தால் எனக்குப் போதும். துரையிடம் பேசும்போது அந்தக் கொப்பியை மேசையில் வைப்போம்.

கடைசியாக நாளைக் காலைக்கு. வான் இரண்டும் ஆறு மணிக்குப் புறப்படும். நேற்று இறங்கியதும் நான் பார்த்தேன். முதல் வானில் பின்வரிசை பெல்ட் நாலும் சீட்டுக்குக் கீழே உறையோடு தைத்த மாதிரி கிடக்கின்றன. இரண்டாவது வானில் ஒரு கொக்கிக்குள் டொபித் தாள் அடைத்திருக்கிறது. சாரதி அண்ணன்மார் இரண்டு பேரிடமும் பேசிவிட்டேன், கோபிக்கவில்லை, திருப்புளியும் தந்தார்கள். கூட்டம் முடிந்ததும் தேநீர் குடித்துவிட்டு, கை வலுவுள்ள தம்பிமார் மூன்று பேர் என்னோடு வெளியே வாருங்கள். வெளிச்சம் போவதற்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாம்.